கூடுதுறையில் கன்னடத்தில் கூப்பிட்ட அண்ணனுக்கு

ஆடி 18 அன்று பவானி கூடுதுறைக் கூட்டத்தில் என் வீட்டுக்காரரின் பாட்டியைத் தொலைத்துவிட்டோம். சாமராஜநகர்க்காரர், கன்னடம் மட்டும்தான் தெரியும். ஒலிபெருக்கியில் மூன்று முறை பெயர் சொன்னார்கள். எல்லாம் தமிழில். காவிரியும் பவானியும் சேருகிற இடம், படித்துறையெல்லாம் தண்ணீர். எனக்குக் கை நடுங்கியது.

பக்கத்தில் நின்றிருந்த நீங்கள், காக்கிச் சட்டையோடு, "பாட்டிய வீட்டுல எப்படிங்க கூப்பிடுவீங்க?" என்று கேட்டீர்கள். "அஜ்ஜி" என்றேன். நீங்களே மைக்கைக் கேட்டு வாங்கி, "அஜ்ஜி, அல்லே கூத்கொள்ளி, நாவே பர்த்தீவி" என்றீர்கள். அங்கேயே உட்காருங்கள், நாங்களே வருகிறோம் என்று. அப்புறம் தமிழில், தனியாக உட்கார்ந்திருக்கும் பாட்டியைப் பார்த்தால் கை தூக்கச் சொன்னீர்கள். அறிவிப்பு அறைக்கு வரச் சொல்லியிருந்தால் அவர் எப்படி வழி கண்டுபிடித்திருப்பார்? அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

பத்து நிமிடத்தில் பூக்காரம்மா ஒருவர் கை தூக்கினார்.

கர்நாடகத்துக்குப் போகும் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் பஸ்ஸில் போய்வரும் நடத்துநர், அப்படிக் கற்ற கன்னடம் என்றீர்கள். நன்றி சொல்லத் திரும்பினால் ஆளைக் காணோம். அண்ணா, அஜ்ஜி இன்னமும் "அந்த மகன் யாரு?" என்று கேட்கிறார். இதைப் படித்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சாமராஜநகரில் உங்களுக்கு ஒருநாள் சாப்பாடு காத்திருக்கிறது.