அடுத்த குளத்துக்கு அமலை போகாமல் தடுங்கள்: ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மீன்வளத்துறை, நீர்வளத்துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

குளத்தில் அமலைச் செடி, அதாவது ஆகாயத்தாமரை, மண்டிய பிறகு பொக்லைன் இறக்கி அள்ளுகிறோம். மடை அடைத்து, உபரி நீர் வெளியேறும் மறுகால் அடைத்து, பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் வராமல் விவசாயிகள் மனு கொடுத்த பிறகு நடக்கிற வேலை அது. அமலை இல்லாத குளத்துக்குள் அது நுழையாமல் பார்த்துக்கொள்வதற்கு எங்கள் பக்கத்தில் ஓர் ஏற்பாடும் நான் பார்த்ததில்லை. அதைக் கேட்டுத்தான் இந்த மடல்.

தாமிரபரணி ஆற்றிலிருந்து பிரியும் திருநெல்வேலி கால்வாயிலும் பாளையங்கால்வாயிலும் தண்ணீர் வாங்கும் குளங்களுக்கு அமலை தானாகவே மிதந்து வந்துவிடும். அதற்கு வழி வேறு, அணைக்கட்டிலேயே பார்க்க வேண்டும். ஆனால் ஆற்றோடு தொடர்பே இல்லாத மானாவாரிக் குளத்துக்கு அது எப்படி வருகிறது? பெரும்பாலும் நாம்தான் கொண்டுபோகிறோம்.

மீன்பாசி, அதாவது குளத்தில் மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர்கள், ஒரு குளத்தில் பிடித்து முடித்ததும் ஈர வலையை அப்படியே சுருட்டி, பரிசலோடு வண்டியில் ஏற்றி அடுத்த குளத்துக்குப் போகிறார்கள். வலை மடிப்பில் சிக்கிய ஒரு சின்னச் செடி போதும். அது தண்டை நீட்டி நீட்டிப் புதுச் செடி விடும். நம் ஊர் வெப்பத்தில் இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகிவிடும். செடி கண்ணுக்குத் தெரியும், எடுத்துப் போட்டுவிடலாம். விதைதான் ஆபத்து. பரிசல் அடியில் ஒட்டிய சேற்றோடு போய்விடும், 20 ஆண்டுகள்கூடச் சேற்றில் கிடந்து முளைக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமலையை அள்ளிய அதே பொக்லைன் கழுவாமலே அடுத்த குளத்தில் இறங்குகிறது. அள்ளிய செடியைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போகிறார்கள். மழை பெய்தால் அது திரும்பவும் தண்ணீருக்குள்தான். அரசு செலவிலேயே அமலை பரவுவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

மீன் கதையும் இதேதான். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கத் தடை இருக்கிறது, ஆனாலும் குளத்தில் விடும் மீன்குஞ்சு பைகளில் அது கலந்து வந்தால் குளத்தங்கரையில் பிரித்துப் பார்க்க ஆளில்லை. கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் சக்கர் மீன் குளத்துக்குள் வந்துவிட்டால் கரையில் பொந்து தோண்டும், முள்ளால் வலையைக் கிழிக்கும். தாமிரபரணியின் பெயரையே அறிவியல் பெயராகக் கொண்ட ஒரு கெண்டை இனம் உலகத்தில் இந்த ஆற்றில் மட்டும்தான் உண்டு. வெளி மீன்கள் பெருகினால் அதைப் போன்றவற்றுக்குப் போக வேறு இடம் கிடையாது.

அமெரிக்கப் பேரேரிகளில் 1988இல் வரிச் சிப்பி (zebra mussel) என்ற வெளிநாட்டுச் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. அதன் குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாதவை. படகில் தேங்கிய தண்ணீரோடு ஏரி ஏரியாகப் போய், குடிநீர்க் குழாய்களையே அடைத்தன. இப்போது அங்கே படகுத்துறைகளில் சொல்வது மூன்றே விஷயம்: கழுவு, வடி, காயவை. மின்னசோட்டா மாநிலத்தில் படகின் வடிகால் அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வடிக்காமல் படகைச் சாலையில் கொண்டுபோவது சட்டப்படி குற்றம். ஐந்து நாளாவது காயவைக்கச் சொல்கிறார்கள். நம் வெயிலுக்கு இது ஒரு பெரிய காரியமா?

அடுத்த மீன்பாசி ஏலத்தின் நிபந்தனைகளில் இதையும் சேருங்கள்: வேறு குளத்தில் நனைந்த வலை, பரிசல், கூடை எதுவும் சேறு போகக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே இந்தக் குளத்தில் இறங்க வேண்டும். மீறினால் முன்பணத்தில் பிடித்தம். பொக்லைன் ஒப்பந்தத்திலும் இதே வரி வரட்டும். அள்ளிய செடியைக் குளத்துக்கு வெளியே கொண்டுபோன பிறகே பில் பாஸ் ஆகட்டும். கழுவுகிற இடம் குளத்துச் சரிவில் இருக்கக் கூடாது, கழுவிய தண்ணீர் உள்ளேயே வடிந்துவிடும். குஞ்சு விடும் நாளில் மீன்வளத்துறை ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

குத்தகை எடுக்கும் அண்ணாச்சிமாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மேல் பழி போட இதை எழுதவில்லை. அமலை மூடிய குளத்தில் தண்ணீருக்குள் காற்று குறைந்து மீன் சாகிறது, வலையும் இழுபடாது. முதல் நஷ்டம் உங்களுக்குத்தான். காய்கிற நாட்களில் தொழில் நிற்காமல் இருக்க மாற்று வலைக்கு மானியம் கேளுங்கள், நாங்களும் சேர்ந்து மனு கொடுக்கிறோம்.

கோடையில் குளம் வற்றிக் கிடக்கும்போதே இந்த நிபந்தனையை எழுதிவிட்டால், வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் பெருகும் முன் ஊராட்சிகளுக்குத் தகவல் போய்ச் சேர்ந்துவிடும். அதற்கான உத்தரவை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
மானாவாரிக் குளத்துப் பாசன விவசாயி ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்