திரைப்பட ரசனை வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு முழுவதும் குடும்பப் படங்களையே திரையிடுவது என்று சென்ற பொதுக்கூட்டத்தில் முடிவெடுத்தோம். சிலருக்கு அதில் மனமில்லை. "முதல் காட்சியிலேயே முடிவு தெரிந்துவிடுமே, எதற்காகப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியைச் சுற்றியே ஆண்டு முழுவதும் பேசியிருக்கிறோம். மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்ட மழைக்காலத்தைத் தவிர, இலங்கை மலையகத்தின் ஹட்டனில் நமது ஞாயிறு திரையிடல்கள் தடையின்றி நடந்தன. மண்டபம் தந்த வாசிகசாலையினருக்கும் புரொஜெக்டரை இரவல் தந்த ஆசிரியருக்கும் நன்றி. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

முடிவு தெரிந்திருப்பது ஒரு படத்துக்குக் குறையே அல்ல என்பது என் உறுதியான கருத்து. மாசி மாதம் காமன் கூத்துப் பார்க்க விடிய விடியப் பனியில் நிற்கிறோம். மன்மதன் எரிவான், ரதி புலம்புவாள் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். பொன்னர் சங்கர் கதையும் அப்படியே. அண்ணன்மார் மாளப்போவது தெரிந்தும் தங்கையின் ஒப்பாரிக்குக் கண் கலங்காதவர் இல்லை. 1961இல் வந்த 'பாசமலர்' படத்தின் முடிவை அறியாதவர் நம் வட்டத்தில் ஒருவரும் இல்லை. ஆனாலும் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் திரையில் வந்த அன்று மண்டபமே அழுதது.

அப்படியென்றால் நமக்குச் சலிப்பு எங்கே தட்டுகிறது? அதற்கு விடை தந்தவர், தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் நம் அங்கத்தவரான ஓர் அக்கா. மூத்த மகன் படித்தவன், நாலும் தெரிந்தவன். பங்காளி நீட்டிய பத்திரத்தை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறான், குடும்பம் தெருவுக்கு வருகிறது. எத்தனையோ படங்களில் வந்த காட்சி அது. "கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்க்காமல் நாங்கள் நகரமாட்டோம். எத்தனை கிலோ கழித்தார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் சாக்கைத் தூக்குவோம். இவ்வளவு படித்தவன் எழுத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவானா?" என்று அவர் கேட்டார். பிறகு நாம் பார்த்த எல்லாப் படங்களுக்கும் அந்தக் கேள்வியே அளவுகோலானது. கதை எங்கே போகிறது என்பது தெரிந்திருக்கலாம், தவறில்லை. அங்கே போக அந்த மனிதனுக்கு என்ன காரணம் இருக்கிறது என்பதைப் படம் காட்டியாக வேண்டும்.

அதிகம் விவாதித்தது, வாய் திறக்காத பாத்திரத்தைப் பற்றித்தான். ஒரு வார்த்தையில் தீர்ந்துவிடும் சந்தேகம், ஆனால் சொல்ல வேண்டிய மருமகள் சொல்லவே மாட்டாள். இடைவேளைக்குப் பிறகும் கதை ஓட வேண்டும் என்பதைத் தவிர அந்த மௌனத்துக்கு வேறு காரணமே இருப்பதில்லை. மௌனமே பொய் என்று நான் சொல்லவில்லை. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான நம் லயங்களிலும் பெண்கள் பேசாமல் இருக்கிறார்கள். ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த வீடு. உரக்கப் பேசினால் லயம் முழுதும் கேட்கும். குடியிருக்கும் காம்பராவோ, அந்த லய அறையோ, தோட்டத்துக்குச் சொந்தம்; கோபித்துக்கொண்டு புறப்பட்டால் போய் நிற்க இடமில்லை. இத்தகைய காரணம் ஒன்றைக் காட்டிவிட்டால் அந்த மருமகளின் மௌனத்தை முழுமனதோடு நம்புவோம். காரணத்தைக் காட்டாமல் அவளை அழ மட்டும் விடுவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநீதி.

விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) இதற்கு நேர்மாறான பாடம். வீட்டுச் செலவுக்கு யார் எவ்வளவு கொடுப்பது என்பதில் தொடங்கும் சண்டை, வீட்டின் நடுவே கோடு கிழிப்பதில் போய் நிற்கிறது. பணக்கணக்கு வெளிப்படையாகப் பேசப்படுவதால் ஒவ்வொருவரின் கோபத்துக்கும் ஒரு நியாயம் கிடைக்கிறது. உடைந்த குடும்பத்தை ஒட்டவைத்த மூத்த மருமகள், கடைசியில் தனிக்குடித்தனமே நல்லது என்கிறாள். நம் மூத்த அங்கத்தவர்கள் சிலர் இதை ஏற்கவில்லை. திருமணமான இரு மகன்களோடு ஒரே காம்பராவில், நடுவே சேலை கட்டி மறைத்து வாழ்ந்த ஒருவர் எழுந்து, அவள் சொல்வதுதான் சரி என்றார். என் பார்வையில் ஆண்டின் மிகச் சிறந்த உரையாடல் அன்றுதான் நடந்தது.

நம் நாட்டுப் படங்களில், 1977இல் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்டு இயக்கிய 'பொன்மணி'யைப் பற்றியும் பேசினோம். சீதனம் ஒரு வீட்டுப் பெண்களின் வாழ்க்கையை எப்படி நெருக்குகிறது என்பதைச் சொல்லும் படம். அங்கே முடிவுகளை எடுக்க வைப்பது சீதனமும் சாதியும்தான். கதாசிரியரின் வசதிக்காக யாரும் எதையும் செய்வதில்லை.

எனக்கு ஒரு பெரிய ஆதங்கம் உண்டு. படங்களில் அண்ணனையும் தங்கையையும் பிரிக்க ஒரு பொய்க் கடிதத்தைத் தேடுகிறார்கள். இங்கே, இந்திய வம்சாவளியினரான நம் மக்களின் குடியுரிமையைப் பற்றி இலங்கையும் இந்தியாவும் 1964 ஒக்டோபரில் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமே பிரித்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். தகப்பன் இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். மணமுடித்த மகள் கணவன் வீட்டாரோடு இங்கேயே நின்றாள். தலைமன்னாரில் கப்பலேறியவரை மீண்டும் காணாமலே கண் மூடியவர்கள் நம் வீடுகளில் இருந்திருக்கிறார்கள். அந்தப் பிரிவில் வில்லன் தேவையில்லை, தற்செயலும் தேவையில்லை. ஒவ்வொருவரும் எடுத்த முடிவுக்குக் காரணம் இருந்தது. இந்தக் கதைகளை நாமே எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

ஆகவே செயற்குழு ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறது. வரும் ஆண்டில் நம் இளைஞர்கள் தத்தம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஒப்பந்தத்தால் பிரிந்த ஒரு குடும்பத்தைப் பற்றிக் குறும்படக் கதை எழுத வேண்டும். தமிழகத்திலிருந்து உறவினர் எழுதிய பழைய கடிதங்கள் வைத்திருப்போர் அவற்றின் பிரதிகளைத் தந்துதவினால் பேருதவியாக இருக்கும். எழுதியவற்றை மாதக் கூட்டத்தில் வாசித்து, "இவர் ஏன் இப்படிச் செய்தார்?" என்று ஒவ்வொரு பாத்திரத்தைப் பற்றியும் கேட்போம். கேள்வி கேட்க அந்த அக்காவே இசைந்திருக்கிறார். தேர்வாகும் கதையைப் படமாக்கும் செலவுக்கு அங்கத்துவப் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கப் பொதுச்சபையின் அனுமதியைக் கோருகிறேன்.

இவ்வண்ணம்,
செயலாளர்