தடுத்தவர் பெயரும் வரட்டும்

ஆசிரியருக்கு,

லிவர்பூல் கால்பந்து அணியின் நாயகர்கள் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இடமெல்லாம் கோல் அடித்தவர்களுக்கே போய்விட்டது. ஜேமி கேரகருக்கு ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரே கிளப்புக்காக 737 ஆட்டங்கள் ஆடி, 2013-இல் ஓய்வு பெற்ற தடுப்பாட்டக்காரர் அவர். லீக் பட்டம் கடைசிவரை கிட்டவில்லை, அது வேறு கதை. 1999-இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் இரண்டு சேம்சைடு கோல் போட்டவரும் அவரே! கோல் கணக்கை மட்டும் பார்த்தால் இப்படிப்பட்டதுதான் கண்ணில் படும்.

2005-இல் இஸ்தான்புல்லில் லிவர்பூல் ஆடிய சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப்புகளுக்கான போட்டி) இறுதியாட்டத்தை நள்ளிரவில் கண்விழித்துப் பார்த்தவன் நான். 0-3 என்று கிடந்த அணி 3-3 ஆக்கியதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு மறக்காதது கூடுதல் நேரம்தான். காலில் தசை பிடித்துப் புல்லில் சுருண்ட கேரகர், எழுந்து நொண்டிக்கொண்டே அடுத்த பந்துக்கும் காலை நீட்டினார். ஆட்டச் செய்திக்குக் கீழே கோல் அடித்தவர்கள் பட்டியல் போடுகிறீர்கள், சரி. கோலைத் தடுத்தவர்களுக்கும் அங்கே ஒரு வரி ஒதுக்கலாமே.

– கால்பந்து ரசிகர் ஒருவர்