2025-ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, குருவானவர் ஐயா அவர்களே, சங்கத்துச் சகோதர சகோதரிகளே,

வேதபாடக் கூட்டங்கள் மாதந்தோறும் தடையின்றி நடந்தன. மண்டபக் கூரை ஒழுகுவது நின்றிருக்கிறது. அடுத்த மழைவரை நம்புவோம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இவ்வாண்டு நம்மை அதிகம் பேசவைத்தது கொடி விவகாரம்தான். மலேசியாவின் தேசிய தினமான ஆகஸ்டு 31 ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அன்றைய திருவிருந்து ஆராதனையை நாட்டுப்பண்ணான நெகாராகூ பாடித் தொடங்க வேண்டும், நாட்டுக் கொடியான ஜாலூர் கெமிலாங்கைப் பலிபீடத்தருகே நிறுத்த வேண்டும் என்று ஜூலைக் கூட்டத்தில் இளைஞர்கள் தீர்மானம் கொண்டுவந்தார்கள். வாங்கி வந்த கொடி பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் மேசைமேல் கிடந்தது. அதைச் சுற்றி வைத்த தேநீர் ஆடை கட்டும்வரை யாரும் தொடவில்லை.

"நம்மை வந்தேறி மதத்தார் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பார்க்கட்டுமே" என்றார் ஒரு தம்பி. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், 1970-இல் பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாரா என்னும் தேசியக் கோட்பாடுகளை எடுத்துக் காட்டினார்: முதல் கோட்பாடு இறைவன் மீது நம்பிக்கை, இரண்டாவதுதான் பேரரசருக்கும் நாட்டிற்கும் விசுவாசம். வரிசையை நாடே வகுத்துக் கொடுத்திருக்கும்போது நாம் ஏன் மாற்ற வேண்டும் என்பது அவர் வாதம். நம் மூத்த உறுப்பினர் அம்மா ஒருவர், சிறுமியாக இருந்தபோது இங்கிலாந்து ராணிக்காகவும் 1957-இல் சுதந்திரம் வந்த பின் மாமன்னருக்காகவும் ஜெபித்ததை நினைவுகூர்ந்தார். 1818-இல் கட்டிய பினாங்கு செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தில், அங்கே ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட்டின் நினைவு மண்டபம்கூட வெளியே வளாகத்தில்தானே நிற்கிறது என்றும் கேட்டார்.

குருவானவர் ஐயா, நாஜி ஆட்சிக்குச் சபை பணிவதை எதிர்த்த 1934-ஆம் ஆண்டு பார்மன் அறிக்கையைப் பற்றிச் சொன்னார். ஹிட்லரையும் நம் சுதந்திர நாளான மெர்டேக்காவையும் ஒரே தட்டில் வைப்பதா என்று தம்பிக்குக் கோபம் வந்தது. கோபம் நியாயமானதே. கேரளத்தில் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றும் பாடாமல் இருந்ததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மூன்று பிள்ளைகளுக்கு இந்திய உச்ச நீதிமன்றம் 1986-இல் நீதி வழங்கியதை வேறொருவர் எடுத்தார். அவர்கள் யெகோவா சாட்சிகள், நம் சபையார் அல்லர் என்று உடனே குரல் எழுந்தது. அப்பிள்ளைகளின் மனச்சாட்சி நம்முடையதைவிட மலிவானதா என்று நானும் கேட்டுவிட்டேன். செயலாளர் கேட்கலாமா என்பதைத் தலைவர் முடிவு செய்யட்டும்.

இறுதியில் கொடி ஆலய முகப்பில் ஏறியது. ஆசீர்வாதத்திற்குப் பின் வெளியே கூடி நெகாராகூ பாடினோம். பிறகு நாசி லெமாக். உள்ளே மாமன்னருக்காகவும் அரசாங்கத்திற்காகவும் ஜெபித்தோம். லஞ்சம் ஒழிய வேண்டும் என்ற வரியைச் சுதந்திர நாளில் தவிர்க்கலாம் என்று ஒருவர் கேட்டார். வரி நீடித்தது; அதில் எனக்கு மகிழ்ச்சி. சந்தேகப்படுகிறவர்களுக்குக் காட்டுவதற்காகப் பீடத்தை விளம்பரப் பலகையாக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கேயே பிறந்தும் பற்றை நிரூபிக்கச் சொல்லப்படும் பிள்ளைகளின் வலியை இந்த ஏற்பாடு தீர்க்கவில்லை. அதைப் பற்றிப் பேச இளைஞருக்குத் தனிக் கூட்டம் தருவதாகச் சொன்னோம், இன்னும் தரவில்லை. புதிய நிர்வாகக் குழு முதல் வேலையாக அதை எடுத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

தேசிய தினம் மீண்டும் ஞாயிறன்று வருவது 2031-இல். அதுவரை கொடித் தீர்மானத்தை ஒத்திவைக்கக் குழு ஒப்புக்கொண்டது. இவ்வறிக்கையை ஏற்கும்படி முன்மொழிகிறேன்.

செயலாளர்