செயலாளர் ஆண்டறிக்கை 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஓய்வுபெற்ற உள்ளாட்சிப் பணியாளர்களான நம் சங்கத்தின் செயற்குழு மாதந்தோறும் கூடியது. தண்டையார்பேட்டையில் கண் பரிசோதனை முகாமும் பொங்கல் விழாவும் வழக்கம்போல நடந்தன. காலமான உறுப்பினர்களின் வீட்டாருக்குக் குடும்ப ஓய்வூதிய மனுக்களை எழுதிக் கொடுத்தோம்.

இவ்வாண்டின் பெரிய வேலை திறன் பதிவேடு. ஓய்வுபெற்றவர்களைத் தற்காலிகமாகத் திரும்ப எடுக்க உள்ளாட்சி அலுவலகங்கள் நினைக்கும்போது, எந்த வேலைக்கு யார் என்று சொல்லும் பட்டியல் நம்மிடம் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஓய்வு வயது 2020 மே மாதம் 58இலிருந்து 59 ஆனது. 2021இல் 60 ஆனது. அதனால் இரண்டு ஆண்டுகள் வயது முதிர்வில் வெளியே போனவர் அநேகமாக யாருமில்லை. 2022 மே முதல் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஆள் குறைகிறது. 2011 அக்டோபரில் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் நகராட்சிகள் சென்னையோடு சேர்ந்தன. அந்த நகராட்சிகளின் பழைய பதிவேடுகளைப் படிக்கத் தெரிந்தவர்களும் இப்போது போய்க்கொண்டிருக்கிறார்கள். பழைய வரிவிதிப்பு எண்ணையும் புதிய எண்ணையும் பொருத்திக் காட்ட ஆளில்லாவிட்டால் சொத்துவரிப் பெயர் மாற்றம் நகராது.

பதவிப் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தால் பதிவேட்டுக்குப் பயனில்லை. குடிநீர்க் குழாய் வால்வு ஆபரேட்டராக இருந்தவர் தெரு, வால்வின் அளவு, மூடும் திசை, முழுதாக மூட எத்தனை சுற்று என்று எழுத வேண்டும். 12 அங்குல வால்வுக்குச் சுமார் 40 சுற்று வரும். தயாரிப்பைப் பொறுத்து மாறும். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ரோடு மேல் ரோடு போட்டு சேம்பர் மூடி (வால்வு இருக்கும் குழியின் மூடி) தாருக்கு அடியில் போய்விடுகிறது. அசையாத இரண்டு இடங்களிலிருந்து, உதாரணமாக ஒரு வீட்டுச் சுவர் முனை, ஒரு கோயில் மதில், டேப் பிடித்து அளவு குறித்தால்தான் அடுத்து வருபவர் தெருவைக் குத்திப் பார்க்காமல் கண்டுபிடிப்பார். வழக்கமான சுற்றுக்கு முன்பே வால்வு நின்றால் அடியில் மண் சிக்கியிருக்கிறது. சாவியில் இரும்புக் குழாயை மாட்டி முறுக்கினால் ஸ்பிண்டில் (வால்வைத் திருப்பும் தண்டு) ஒடியும். நாலைந்து சுற்று திறந்து தண்ணீரை ஓடவிட்டு மறுபடி மூட வேண்டும். கடைசிச் சுற்றுகளை அவசரமாகப் போட்டால் அந்த அதிர்வில் பழைய வார்ப்பிரும்புக் குழாயின் ஈய ஜாயின்ட் கசியும். இதெல்லாம் வரைபடத்தில் இருப்பதில்லை, ஆட்களோடு போய்விடும்.

பம்ப் ஆட்களுக்கும் இதே நிலைதான். மழைநீர் தேங்கும் கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடத்தில் ஃபுட் வால்வு (உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள வால்வு) கசிந்தால் எஞ்சின் ஓடும், தண்ணீர் ஏறாது. மழை கொட்டும்போது ஆளைக் கூப்பிட்டுப் பயனில்லை. ஆகஸ்டிலேயே பணி ஆணை கொடுத்தால்தான் அக்டோபருக்குள் மோட்டார்களை ஓட்டிப் பார்த்துப் பழுது நீக்க முடியும்.

அழைப்பு வந்தால் உறுப்பினர்கள் ஆணையை நிதானமாகப் படிக்கவும். காலம், வேலை, தொகுப்பூதியம், அது எந்தக் கணக்குத் தலைப்பில் (எந்த நிதி ஒதுக்கீட்டிலிருந்து) வழங்கப்படும் என்ற நான்கும் இருக்க வேண்டும். ஓர் அலுவலகம் (பெயர் வேண்டாம்) நம் உறுப்பினர் ஒருவரை வரைவாளர் வேலைக்கென்று அழைத்துத் தபால் பிரிவில் உட்கார வைத்தது. கணக்குத் தலைப்பு எழுதாததால் சம்பளப் பட்டியல் திரும்பித் திரும்பி வந்து, மாதக்கணக்கில் சம்பளம் கிடைக்கவில்லை. அனுபவமுள்ள ஒருவரை இப்படி நடத்துவது நியாயமில்லை.

எம் புக்கில் (வேலை அளவுகளைப் பதியும் புத்தகம்) நாம் கையெழுத்துப் போடக் கூடாது. அளந்து காட்டலாம், குறிப்பு எழுதலாம்; கையெழுத்து பணியிலிருக்கும் உதவிப் பொறியாளருடையது. இல்லையென்றால் தணிக்கைத் தடை நம் தலையில் விழும். 17(பி) ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் உள்ளவர்கள் முன்கூட்டியே தெரிவிக்கவும். தொகுப்பூதியத்தை ஊதியமாகக் காட்டுகிறார்களா, தொழில்முறைக் கட்டணமாகக் காட்டி 10 சதவீதம் வரி பிடிக்கிறார்களா என்பதை முதல் மாதமே கேட்டுக்கொள்ளவும். கழிவுநீர்ப் பிரிவுக்குப் போகிறவர்கள், யாரையும் மேன்ஹோலில் இறக்கும் வேலைக்கு மேற்பார்வை பார்க்க மாட்டோம் என்று எழுத்தில் கொடுக்கவும். மனிதர்களைக் கொண்டு கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத் துணை நிற்கும். சாக்கடையில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு அதிகமானால் மூக்கு மரத்துவிடும். நாற்றமில்லை என்பது பாதுகாப்பு அல்ல.

இன்னொன்று. நாம் போவது வேலையைக் கற்றுக்கொடுக்க. கூடவே ஓர் இளைஞரை நியமிக்கச் சொல்லிக் கேளுங்கள். காலியிடம் காலியிடமாகவே கணக்கில் நிற்க வேண்டும். நம்மைக் காட்டி அதை நிரப்பாமல் விட்டால் நம் பிள்ளைகளின் வேலையை நாமே அடைத்ததாகும்.

இவ்வளவு முக்கியமான பதிவேட்டுக்குப் படிவம் கொடுத்தும் பெரும்பாலோர் திருப்பித் தரவில்லை. கண் முகாமுக்கு வந்த கூட்டம் பொதுக்குழுவுக்கு வரவில்லை. ஆண்டுச் சந்தா 300 ரூபாய். அகவிலைப்படி உயர்ந்த மாதத்தில்கூடப் பாக்கியைக் கட்டாதவர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு மூன்றாண்டு பாக்கி. ஓய்வூதியத்தில் சிக்கல் வந்தால் முதல் போன் சங்கத்துக்குத்தான் வருகிறது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். செலவு சற்றுக் கூடியதற்குப் படிவ அச்சும் ஜெராக்ஸும் காரணம். அது தேவையான செலவு. கையிருப்பு அடுத்த பொதுக்குழு வரை தாங்கும்.

இடம் கொடுத்தவர்களுக்கும், தணிக்கை செய்தவருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பதிவேட்டைக் கணினியில் ஏற்ற வேண்டும். தமிழில் தட்டச்சு தெரிந்த இருவர் தேவை. இதைத் தொடர்ந்து நடத்த முன்வருபவர் இருந்தால் செயலாளர் பொறுப்பையும் சேர்த்து ஒப்படைக்கத் தடையில்லை. படிவமும் சந்தாவும் பாக்கியுள்ளவர்கள் இரண்டையும் ஜூலை செயற்குழுவுக்கு முன் பொருளாளரிடம் சேர்க்கவும். ஆகஸ்டில் அலுவலகங்களுக்குப் பட்டியல் போக வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்