கயலுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள கயலுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீ போன் செய்து மூன்று வாரம் ஆகிறது. போன வியாழன் பகல் பதினோரு மணிக்கு நான் கூப்பிட்டபோது பின்னால் குக்கர் விசில் கேட்டது. சரி, அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

யாழினிக்கு இரண்டு படப் புத்தகம் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். ஒன்று பறவை அறிஞர் சலீம் அலி, இன்னொன்று நம் ஊர்க் கணித மேதை ராமானுஜன். நாலரை வயதுக் குழந்தையிடம் 1887-இல் பிறந்தார் என்று ஆரம்பிக்காதே. படத்திலிருந்து ஆரம்பி. காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் கணக்குப் போடுவார், முழங்கையாலேயே அழிப்பார், விடையை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வார். அவளிடமும் ஒரு சிலேட்டைக் கொடு, முழங்கையால் அழித்துப் பார்க்கட்டும். சட்டை அழுக்கானால் திட்டாதே.

சலீம் அலி சின்னப் பையனாக இருந்தபோது ஒரு குருவியைச் சுட்டுவிட்டார். கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்ததால் இது என்ன குருவி என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துப் போனார். மில்லார்டு என்பவர் இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து பறவைகளைக் காட்டினார். "குருவி செத்துப்போச்சா?" என்றுதான் யாழினி முதலில் கேட்பாள். ஆமாம் என்று சொல், மழுப்பாதே. ஒரே பக்கத்தைப் பத்து நாள் கேட்டாலும் படி. நீயும் அப்படித்தான், ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்பாய். அம்மா இன்னும் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறாள். இப்போது நீ கேட்பதும் இல்லை, எங்களிடம் எதையும் சொல்வதும் இல்லை.

அவசரப்படாமல் படி. முக்கியமாக, "நீயும் இவர மாதிரி வரணும்" என்று மட்டும் சொல்லிவிடாதே கண்ணு.

நான் சொன்னேன். முதல் செமஸ்டரில் உனக்குக் கணக்கில் அரியர் விழுந்தபோது, சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வீட்டு வாசலில் உன்னை நிறுத்தி, "இந்தத் திண்ணையில உக்காந்து படிச்சவரப் பாரு" என்று நாலு பேர் காதில் விழச் சொன்னேன். நீ குனிந்து செருப்பு வாரைத் திருகிக்கொண்டே நின்றாய். அப்புறம் ஒன்பது நாள் நான் உன்னோடு பேசவில்லை.

அதே ராமானுஜன் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கோட்டைவிட்டு, இந்த ஊர்க் காலேஜில் உதவித்தொகையை இழந்தவர். 1905-இல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனவர். அதற்கப்புறமும், அந்தக் காலத்தில் பி.ஏ.வுக்கு முன்னால் எழுதும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. எனக்கு இதெல்லாம் அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் உன்னிடம் மறைத்தேன். தோற்றால் அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று உனக்குப் பழக்கியவன் நான்தான்.

நான் அனுப்பிய புத்தகத்திலும் அந்தக் கதை இல்லை. சிலேட்டுப் படத்துக்குக் கீழே பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்: "ஃபெயில் ஆனார். ஊரை விட்டுப் போனார். திரும்பி வந்தார்." யாழினிக்கு அதையும் சேர்த்துப் படி.

நாளைக்கும் பதினோரு மணிக்குக் கூப்பிடுவேன். எடு. குக்கர் சத்தம் கேட்டால் கேட்கட்டும்.

அப்பா
கும்பகோணம்