‘டூ ஹார்ட்டட்’ நகல் பியர் கிட்டில் உள்ள குறைகள் குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
கலமசூ, மிச்சிகன் மாநிலம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஐந்து கேலன் எக்ஸ்ட்ராக்ட் கிட் – பெட்டியில் குறிப்பிட்ட அடர்த்தி கிடைக்காமை, ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) வகை மாற்றம், தேதியற்ற மால்ட் டப்பா – நிவாரணம் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பெல்ஸ் மதுவாலையின் டூ ஹார்ட்டட் ஐபிஏ (ஹாப்ஸ் மிகுந்த ‘இந்தியா பேல் ஏல்’ வகை) பியரின் நகல் என்று தங்கள் நிறுவனம் விற்கும் எக்ஸ்ட்ராக்ட் கிட்டை, அதாவது முளைகட்டிய தானியத்தின் செறிவான சாறும் மற்றப் பொருள்களும் அடங்கிய பெட்டியை, வாங்கி, அதனுடன் வந்த செய்முறைத் தாளில் உள்ளபடியே வீட்டில் பியர் தயாரித்தேன். அந்தக் கிட்டில் இருந்த பொருள்களைக் கொண்டு, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பியரை எவராலும் தயாரிக்க முடியாது என்பதே என் புகார். இதைத் தங்கள் சேவைப் பிரிவுக்கு ஏற்கெனவே மின்னஞ்சலில் தெரிவித்தேன். பாத்திரங்களை நன்றாகக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும், வொர்ட்டை (நொதிக்கும் முன் உள்ள இனிப்பான மால்ட் கரைசலை) நன்கு கலக்க வேண்டும் என்ற பொதுவான அறிவுரைகளே பதிலாக வந்தன. நான் கேட்ட எதற்கும் அதில் விடை இல்லை. ஆகவே இம்முறை முழுக் கணக்கையும் எழுதி அனுப்புகிறேன்.

பெட்டியின் மேல் தொடக்க அடர்த்தி (நொதிக்கும் முன், நீரை 1.000 எனக் கொண்ட அளவு) 1.064 என்றும் ஆல்கஹால் 7 சதவீதம் என்றும் உள்ளது. உள்ளே இருந்தவை: 3.3 பவுண்டு எடையுள்ள திரவ மால்ட் எக்ஸ்ட்ராக்ட் டப்பாக்கள் இரண்டு, உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் ஒரு பவுண்டு, ஊறவைப்பதற்கான கேரமல் மால்ட் அரைப் பவுண்டு. திரவ எக்ஸ்ட்ராக்ட் ஒரு பவுண்டைக் கரைத்து ஒரு கேலனாக்கினால் ஏறத்தாழ 1.036 அடர்த்தி கிடைக்கும் என்பதும், உலர்ந்ததில் அது 1.044 ஆகும் என்பதும் இத்துறையில் உள்ள எல்லோரும் அறிந்த அளவுகள். அதன்படி 6.6 பவுண்டு திரவ எக்ஸ்ட்ராக்ட் 238 புள்ளிகளையும் (ஒரு புள்ளி என்பது ஒரு கேலனில் 0.001 அடர்த்தி), உலர்ந்த ஒரு பவுண்டு 44 புள்ளிகளையும் தரும். கேரமல் மால்ட்டிலிருந்து தாராளமாக 10 புள்ளிகள் வரும் என்றே வைத்துக்கொண்டாலும் மொத்தம் 292 புள்ளிகள்தாம். அதை ஐந்து கேலனுக்குப் பகிர்ந்தால் அடர்த்தி 1.058. ஆனால் 1.064 வேண்டுமென்றால் 320 புள்ளிகள் தேவை. என் ஹைட்ரோமீட்டர் காட்டியது 1.057. கணக்கும் கருவியும் ஒன்றையே சொல்கின்றன.

முழுத் தானியத்திலிருந்து பியர் தயாரிப்பவருக்கு அடர்த்தி குறைந்தால் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம்: தானியம் சரியாக அரைபடாமல் இருந்திருக்கலாம், மாஷின் (தானியத்தை வெந்நீரில் ஊறவைத்த கலவையின்) வெப்பநிலை தவறியிருக்கலாம், கழுவிய நீர் போதாமல் போயிருக்கலாம். எக்ஸ்ட்ராக்ட் முறையில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் வேலை முழுவதும் எக்ஸ்ட்ராக்ட் தயாரிக்கும் ஆலையிலேயே முடிந்துவிடுகிறது. வாங்குபவர் செய்வது கரைப்பது மட்டுமே. எனவே எக்ஸ்ட்ராக்டின் எடையும் இறுதிக் கொள்ளளவும் தெரிந்தால் அடர்த்தி என்ன வரும் என்பதை அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே சொல்லிவிடலாம். பெட்டியில் 1.064 என்று அச்சிடும் முன் தங்கள் நிறுவனத்தில் ஒருவர் இந்தக் கூட்டலைச் செய்து பார்த்திருக்க வேண்டும்.

‘மேலே ஊற்றிய நீர் சரியாகக் கலக்காததால் அடர்த்தி குறைவாகத் தெரிந்திருக்கும்’ என்று தங்கள் ஊழியர் எழுதியிருந்தார். செறிவான வொர்ட்டைக் கொதிக்கவைத்து, பிறகு தண்ணீர் சேர்த்து ஐந்து கேலனாக்கும் முறையில் அப்படி நேர்வது உண்மையே. ஆனால் செய்முறைத் தாள் அனுமதிக்கும் இரண்டாவது வழியில் முழு நீரையும் ஒரே பாத்திரத்தில் கொதிக்கவைத்தே நான் தயாரித்தேன். பின்னர் நீர் எதுவும் சேர்க்கவில்லை. ஹைட்ரோமீட்டரை 20 டிகிரி செல்சியஸில் வெறும் நீரில் சோதித்தேன், 1.000 காட்டியது. பியர் நொதித்து முடிந்தபோது அடர்த்தி 1.014. அப்படியானால் ஆல்கஹால் ஏறத்தாழ 5.6 சதவீதம். இது சிறிய வித்தியாசமன்று. 7 சதவீதப் பியருக்காகக் கணக்கிட்ட 55 அலகுக் கசப்பு, மெலிந்த உடலின் மேல் வந்து உட்கார்ந்தால் நாவில் கடுமையாக இறங்கும்; டூ ஹார்ட்டட்டில் மால்ட்டும் ஹாப்ஸும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் அந்தச் சமநிலையே அதைக் குடிப்பவர்கள் தேடிப் போவதற்குக் காரணம்.

இரண்டாவது குறை இதைவிடவும் எனக்கு வருத்தம் தந்தது. டூ ஹார்ட்டட் செண்டெனியல் என்ற ஒரே ஹாப்ஸ் வகையால் ஆன பியர். அதை மதுவாலை மறைத்ததே இல்லை. அந்தப் பியரைப் பற்றி ஒருவர் ஒரே ஒரு செய்தியை அறிந்திருந்தால் அது இதுவாகத்தான் இருக்கும். தங்கள் செய்முறைத் தாளும் கடைசி உலர் ஹாப்ஸ் சேர்க்கை (கொதிக்கவைக்காமல் மணத்துக்காகப் பியரில் நேரே சேர்ப்பது) வரை செண்டெனியல் என்றே சொல்கிறது. ஆனால் உலர் ஹாப்ஸுக்கென்று வைத்திருந்த பொட்டலங்களில் ‘காஸ்கேட்’ என்ற ஒட்டுச்சீட்டு இருந்தது. வகை மாற்றப்பட்டதைத் தெரிவிக்கும் ஒரு வரிகூடப் பெட்டியில் இல்லை. காஸ்கேட் தாழ்ந்த ஹாப்ஸ் அன்று. சியரா நெவாடா பேல் ஏலின் மணம் அதிலிருந்தே வருகிறது, அந்தப் பியரையும் நான் விரும்பியே குடிக்கிறேன். செண்டெனியலுக்குச் ‘சூப்பர் காஸ்கேட்’ என்ற செல்லப்பெயர் இருப்பதால் ஒன்றுக்கு மற்றொன்று போதும் என்று யாரோ கருதியிருக்கலாம். கசப்புக்குக் காரணமான ஆல்ஃபா அமிலம் செண்டெனியலில் பொதுவாக 9.5 முதல் 11.5 சதவீதம், காஸ்கேட்டில் 4.5 முதல் 7 சதவீதம். எண்ணெயின் இயல்பும் வேறு, மணத்தின் அழுத்தமும் வேறு. ஐபிஏ-வின் மணத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உலர் ஹாப்ஸ். அந்த இடத்தில் வகையை மாற்றினால் அது வேறொரு பியர். மற்றப் பொட்டலங்களில் செண்டெனியல் என்ற பெயர் இருந்தாலும், அறுவடை ஆண்டோ ஆல்ஃபா அமில அளவோ அச்சிடப்படவில்லை. அந்த எண் இல்லாமல் 55 அலகு என்ற கசப்பை வாங்குபவர் எதைக் கொண்டு சரிபார்ப்பது?

திரவ எக்ஸ்ட்ராக்ட் டப்பாக்களில் அடைத்த தேதி இல்லை. திறந்தபோது சாறு, வெளிர் மால்ட்டுக்குரிய பொன்னிறமாக இல்லாமல் செம்பழுப்பாக இருந்தது. வெப்பமான கிடங்கில் நீண்ட காலம் இருந்த திரவ எக்ஸ்ட்ராக்ட் இப்படித்தான் கறுக்கும். ஈஸ்ட் பொட்டலத்தில் குறையில்லை, காலாவதித் தேதியும் தெளிவாக இருந்தது. அதே ஒழுங்கை மற்றப் பொருள்களிலும் எதிர்பார்க்கிறேன்.

நான் இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. பெல்ஸ் மதுவாலையின் நிறுவனர் லாரி பெல் 1983இல் இதே கலமசூவில் தொடங்கியது, வீட்டில் பியர் தயாரிப்பவர்களுக்குப் பொருள்கள் விற்கும் ஒரு கடை. தம் பியரை அவர் விற்கத் தொடங்கியது 1985இல். 2017இல் அமெரிக்க ஹோம்ப்ரூவர்ஸ் அசோசியேஷனின் சைமர்ஜி இதழ் சிறந்த பியர்களுக்காக நடத்திய வாக்கெடுப்பில், பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த ப்ளைனி தி எல்டர் என்ற பியரைத் தாண்டி டூ ஹார்ட்டட் முதலிடம் பெற்றது. வாக்களித்தவர்கள் தாமே பியர் தயாரிப்பவர்கள். அப்படிப்பட்ட பியரின் பெயரைச் சொல்லி விற்கும் கிட்டை வாங்குபவர்களில் பெரும்பாலோர் இந்தக் கலைக்குப் புதியவர்கள், ஏனெனில் எக்ஸ்ட்ராக்ட் முறையில்தான் பலரும் தொடங்குகிறார்கள். ஹைட்ரோமீட்டர் 1.057 காட்டினால் அவர்கள் பெட்டியைச் சந்தேகிக்க மாட்டார்கள். தம் கையில்தான் பிழை என்று நம்புவார்கள். தங்கள் சேவைப் பிரிவின் பதிலும் அந்த நம்பிக்கையையே உறுதிப்படுத்தும். ஆர்வத்தோடு வந்த ஒருவர் இதனால் விலகிப்போனால், அதற்குத் தங்கள் நிறுவனமே பொறுப்பு.

ஆகவே தங்களிடம் நான் கோருவது: கிட்டின் விலையையும் அனுப்புகைக் கட்டணத்தையும் முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். மாற்றுக் கிட் எனக்கு வேண்டாம், ஏனெனில் செய்முறைத் தாளிலேயே எடைகள் இப்படித்தான் உள்ளன. அடுத்த பெட்டியும் இதே முடிவையே தரும். கிட்டில் உலர் எக்ஸ்ட்ராக்டை ஏறத்தாழ முக்கால் பவுண்டு கூட்டுங்கள். அல்லது அதே அளவு சோளச் சர்க்கரை சேருங்கள், எக்ஸ்ட்ராக்ட் பியர்கள் பெரும்பாலும் சற்று உயர்ந்த அடர்த்தியிலேயே நின்றுவிடுவதால் இறுதி அடர்த்தி இறங்கவும் அது உதவும். அதுவரை பெட்டியில் 1.058 என்ற உண்மையான அளவை அச்சிடுங்கள். ஹாப்ஸ் பொட்டலங்களில் வகை, அறுவடை ஆண்டு, ஆல்ஃபா அமிலம் ஆகியவையும், டப்பாக்களில் அடைத்த தேதியும் இருக்க வேண்டும். செண்டெனியல் கையிருப்பில் இல்லாத நாளில் வாங்குபவரின் சம்மதம் பெற்ற பிறகே வேறு வகையை அனுப்ப வேண்டும். இதே கிட்டை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் இந்தக் குறைகளைத் தெரிவித்துக் கடிதம் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பெட்டியின் மேலுறை, செய்முறைத் தாள், காஸ்கேட் பொட்டலம், ஹைட்ரோமீட்டர் அளவு ஆகியவற்றின் படங்களையும் பணம் செலுத்திய ரசீதின் நகலையும் இணைத்துள்ளேன். காலிப் பொட்டலங்களையும் டப்பாக்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன். என் கணக்கில் எந்த எண் தவறு என்று தாங்கள் கருதினாலும், அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.